கோமதியின் மூக்குக்கு என்ன அளவு

மகனே,

போன திங்கட்கிழமை நீ வாட்ஸ்அப்பில் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "அம்மா, கோமதிக்கு மூக்குத்தி ஆர்டர் பண்ணப்போறேன். கடைல சைஸ் கேக்காங்க. 18ஆ, 20ஆ? சர்ப்ரைஸ், அவகிட்ட சொல்லிராத." இருபது என்று அப்போதே பதில் போட்டிருக்கலாம். எனக்கு அது தெரியாது என்பதால் விசாரிக்கப் போனேன். போன இடத்தில் நடந்ததையெல்லாம் போனில் தட்டி அனுப்ப முடியாது என்பதால்தான் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறேன். இன்னும் பன்னிரண்டு நாளில் உன் கல்யாணம். நீ சென்னையில் ரயில் ஏறுவதற்கு முன்பு இதை முழுக்கப் படித்துவிட வேண்டும்.

முதலில் கேட்டதற்குப் பதில். அந்த எண் மூக்குக்குள் நுழையும் தண்டின் தடிமனைக் குறிப்பது. எண் கூடக் கூடத் தண்டு மெலியும். இருபது பெரியது, பதினெட்டு சின்னது என்று நீ நினைத்திருப்பாய், அது நேர்மாறு. கோமதிக்குக் குத்தியிருப்பது இருபதில், அதாவது ஒரு மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. தடிமன் தெரிந்தால் மட்டும் போதாது, நீளமும் தெரிய வேண்டும். மூக்கின் தோல் ஆளுக்கு ஆள் மாறும். தண்டு குட்டையாக இருந்தால் லேசாக வீங்கினாலே உள்ளே புதையும். நீளமாக இருந்தால் முகம் துடைக்கும்போது துண்டில் மாட்டி இழுக்கும். குத்திய புதிதில் வீக்கத்துக்கு இடம்விட்டு நீளமாகப் போடுவார்கள். ஆறிய பிறகு குட்டையாக மாற்றுவார்கள். அதற்குப் பிறகுதான் கல். மெல்லிய தண்டில் பெரிய கல்லை ஏற்றினால் அது மெதுவாகத் தோலை அறுத்துக்கொண்டு இறங்கும். இதையெல்லாம் யார் மூக்கையும் பாராமல் சென்னையில் உட்கார்ந்து முடிவு செய்ய முடியாது. அதனால் இப்போது எதையும் ஆர்டர் செய்யாதே. அவளிடமே கேட்டு, அவள் சொல்லும் அளவில், அவள் சொல்லும்போது வாங்கு. சர்ப்ரைஸை நான் ஏற்கெனவே கெடுத்துவிட்டேன். அதற்காக வருத்தப்படவும் இல்லை.

என் மூக்கில் இருக்கும் கட்டி உனக்குத் தெரியும். சின்னப் பிள்ளையில் என் மடியில் படுத்துக்கொண்டு அதை விரலால் அமுக்கி, "அம்மா மூக்குல மிளகு" என்பாய். பிறக்கும்போதே இருந்தது என்று சொல்லிவைத்திருந்தேன். அது பொய். உன் அப்பா வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. மருமகளாக வருகிறவளானாலும் அந்த வீட்டு மகளானாலும் முகூர்த்தத்துக்கு முன்னால் அந்த எட்டுக்கல் பேசரியைப் போட்டுக்கொள்ள வேண்டும். பீரோவில் சிவப்பு டப்பாவில் இருக்கிறதே, எட்டு வைரம் பதித்த மூக்குத்தி, அதுதான். வீட்டுக்கு மூத்த பெண் தன் கையால் திருகாணியை முடுக்க வேண்டும். என் கல்யாணத்தில் முடுக்கியது உன் சிவகிரி அத்தை, அப்பாவின் அக்கா. எனக்கோ கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் முன்புதான் மெல்லிய கம்பியில் மூக்குக் குத்தியிருந்தார்கள். பேசரியின் தண்டு தடிமனானது. ஓட்டையைப் பெரிதாக்கத் தென்னை ஈர்க்கை ஒடித்துச் சொருகச் சொன்னார்கள். முதலில் ஒரு ஈர்க்கு, நாலு நாள் கழித்து இரண்டு. பி.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு வந்திருந்தவள் நான். ஒரு வார்த்தை கேட்காமல் சொருகிக்கொண்டேன்.

கல்யாணத்தன்று காலையில் அத்தை தேங்காய் எண்ணெயைத் தொட்டு என் மூக்கில் தடவினாள். "அசையாதட்டி, ஒரு நிமிசம் பல்லைக் கடிச்சுக்கோ" என்றாள். ரத்தம் வந்தது. "ரத்தம்லாம் ஒருத்தருக்கும் தெரியாது, குங்குமம் சிந்திருக்குன்னு நினைச்சுக்கிடுவாங்க" என்று தன் முந்தானையால் ஒற்றி எடுத்தாள். எங்கள் கல்யாண ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் நான் ஒரு பக்கமாகவே திரும்பியிருப்பேன். வெட்கம் என்று எல்லாரும் சொல்வார்கள். வீங்கின பக்கம் தெரியாமல் இருக்கத்தான் அப்படித் திரும்பினேன்.

நாலாம் நாள் எங்களைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனார்கள். நல்ல சீசன், ஐந்தருவியில் தண்ணீர் இரைந்து விழுந்துகொண்டிருந்தது. "பேசரியை அருவி அடிச்சிட்டுப் போயிரும், கழத்து" என்று அத்தை அதைக் கழற்றி வாங்கித் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள். நம் ஊரில் எல்லாரும் செய்வதுதான். ஆறின மூக்கு என்றால் ஒன்றும் ஆகாது. என் மூக்கு ஆறவில்லை. ஆனால் அன்றைக்கு அந்தத் தண்ணீருக்கு அடியில் நின்ற அரைமணி நேரம்தான் அந்த இரண்டு வாரத்திலேயே மூக்கு வலிக்காத நேரம். வெளியே வர மனமில்லாமல் நின்றேன். வந்து பார்த்தால் ஓட்டை தூர்ந்துபோயிருந்தது. "புதுப்பொண்ணு மூளி மூக்கோட வீடு திரும்பக் கூடாது" என்று அத்தை அங்கேயே, ஈரச் சேலையோடு என்னைக் கடை வாசல் படியில் உட்காரவைத்துத் திரும்பவும் திருகினாள். இரண்டு கடை தள்ளி உன் அப்பா மங்குஸ்தான் வாங்கிக்கொண்டிருந்தார். என் முனகல் கேட்டுத் திரும்பிப் பார்த்தார். பிறகு பழக்காரரிடம், "இது இனிக்குமா?" என்று கேட்டார்.

இதை நான் இருபத்தேழு வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை. வீக்கம் வற்றிக் கட்டியாக நின்றது. நீ பிறந்த வருஷம் பேசரியைக் கழற்றி டப்பாவில் வைத்தேன். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை என்பது மூன்று வாரத்துக்கு முன்புதான் தெரிந்தது. இப்போது சொல்லப்போவது என் தப்பு.

கோமதியின் அம்மா வீரகேரளம்புதூரிலிருந்து போன் செய்தார்கள். "மதினி, உங்க வீட்டுப் பேசரி போட்டோவைப் பாத்தேன். தண்டு தடியா இருக்கும் போலயே. இவ குத்தியிருக்கது ஊசி ஓட்டை. என்ன செய்ய?" என்று கேட்டார்கள். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அதுக்கென்ன மதினி, ஈர்க்கு போட்டு வையுங்க. இந்த வாரம் ஒண்ணு, அடுத்த வாரம் ரெண்டு. நானும் அப்படித்தான் போட்டேன்" என்று சொன்னேன். சொன்னபோது என் குரலில் ஒரு பெருமிதம் இருந்தது. அதைப் பற்றித்தான் இத்தனை நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு வலித்தது மறந்துபோகவில்லை. அதைத் தாங்கிவிட்டேன் என்பதை ஒரு தகுதி மாதிரி உள்ளுக்குள் வைத்திருந்திருக்கிறேன். இன்னொருத்தி அதே வழியாக வந்தால்தான் அந்தத் தகுதிக்கு மதிப்பு என்று எனக்குள் ஏதோ ஒன்று நினைத்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பியூரெட்டில் ஒரு சொட்டு கூடுதலாக விட்டால் திரும்பச் செய்யச் சொல்கிறவள், இதை அளந்து பார்க்காமல் சொன்னேன்.

உன் கேள்வி வந்த மறுநாள், ஜாக்கெட் அளவு சரிபார்க்கிற சாக்கில் புதூருக்குப் போனேன். வீட்டுக்குள்ளேயே மாஸ்க் போட்டுக்கொண்டு கோமதி காப்பி கொண்டுவந்தாள். "சளி அத்தே, உங்களுக்கும் ஒட்டிரும்" என்றாள். சளி பிடித்தவள் குரல் இப்படியா தெளிவாக இருக்கும்? "மாஸ்க்கை எடு தாயி" என்றேன். தயங்கித் தயங்கி எடுத்தாள். மூக்கின் ஒரு பக்கம் பழுத்த நாவல்பழ நிறத்தில் இருந்தது. நடுவில் இரண்டு ஈர்க்கு. தொட்டால் சுட்டது.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"அஞ்சு நாளா."

"ஏட்டி, நீ ஆஸ்பத்திரி லேப்ல வேலை பாக்கவ. ஈர்க்கைச் சொருகினா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதா?"

"நல்லாத் தெரியும் அத்தே. நான் தினமும் சீழைத்தான டெஸ்ட் பண்ணுதேன். நீங்க சொன்னீங்கன்னு அம்மா சொன்னாங்க. கல்யாணத்துக்கு முன்னாடியே மாமியார் சொன்னதை மாட்டேன்னு சொன்னா, அப்புறம் காலத்துக்கும் அதே பேச்சுல்ல?"

இந்த மூக்கை அவள் நமக்காகக் குத்தவில்லை. பெண் பார்க்க நாம் போவதற்கு முன்பே, வேலைக்குச் சேர்ந்த புதிதில், திருநெல்வேலியில் ஊசி வைத்துக் குத்துகிற ஒரு கடைக்குத் தோழியோடு போய்க் குத்திக்கொண்டு வந்தது. அவள் அம்மா இரண்டு நாள் பேசவில்லையாம். "எனக்கே எனக்குன்னு நான் செஞ்ச ஒண்ணு இதுதான் அத்தே. இது தூர்ந்துபோச்சுன்னா மறுபடி குத்துவேனான்னு தெரியலை" என்றாள். நாம் ஒரு பேசரியை வைத்துக்கொண்டு அதைத்தான் கெடுத்துக்கொண்டிருந்தோம்.

அப்போதே ஆட்டோ பிடித்துத் தென்காசிக்குக் கூட்டிவந்தேன். டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்தார். "யாரும்மா இதுல ஈர்க்கு வச்சது?" என்று அதட்டினார். நான் வாய் திறப்பதற்குள் கோமதி, "நானாத்தான் வச்சேன் டாக்டர்" என்றாள். அந்த இடத்தில் உன் அம்மா ஒரு நொடி பேசாமல் நின்றுவிட்டாள் என்பதையும் எழுதிவிடுகிறேன். பிறகுதான் சொன்னேன், "இல்ல டாக்டர். நான்தான் வைக்கச் சொன்னேன். நான் மாமியார்." அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "படிச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். "படிச்சிருக்கேன்" என்றேன். அதற்கு மேல் அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஈர்க்கை எடுத்தார்கள். அதோடு அப்படியே விட்டுவிடலாம் என்று நான் நினைத்தேன். அது கூடாதாம். வெறுமனே விட்டால் மேல்தோல் மூடிக்கொண்டு சீழ் உள்ளேயே தங்கிவிடும். மெல்லிய தண்டு ஒன்று, அதுவும் வீக்கத்துக்கு இடம்விடுகிற நீளத்தில், உள்ளே இருக்க வேண்டும். ஈர்க்கு வைப்பதற்கு முன்பு அவள் போட்டிருந்த ஆறு மில்லிமீட்டர் தண்டு இந்த வீக்கத்துக்குப் பற்றாது. நல்லவேளை, முதலில் குத்தியபோது போட்ட எட்டு மில்லிமீட்டர் தண்டை அவள் பத்திரமாக வைத்திருந்தாள். சுரண்டை பஸ்ஸில் அவள் தம்பி கொண்டுவந்தான். அதைச் சுத்தம் செய்து டாக்டரம்மாவே போட்டுவிட்டார். மாத்திரை, உப்புத்தண்ணீர் ஒத்தடம், இரண்டு மாதத்துக்கு யாரும் அதில் கைவைக்கக் கூடாது. "தடியான எதையாவது திரும்பத் திணிச்சீங்கன்னா ஓட்டை மட்டுமில்ல, மூக்கோட வடிவமே போயிரும்" என்று என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். புதூரில் நடந்ததை மட்டுமில்லை, ஐந்தருவியையும் சேர்த்து. அவர், "அன்னைக்கு எனக்குக் கேட்டுச்சு. அக்கா கையில இருக்கும்போது நான் என்ன சொல்ல முடியும்னு இருந்துட்டேன்" என்றார். "இது இனிக்குமான்னு கேட்டீங்க" என்றேன். "அதுவுமா ஞாபகம் இருக்கு?" என்று கேட்டுவிட்டு எழுந்துபோய் டப்பாவைத் திறந்து பேசரியை எடுத்தார். ஐ.டி.ஐ.யில் இத்தனை வருஷமாகக் கடைசல் வேலை சொல்லிக்கொடுக்கிறவர் வேறென்ன செய்வார்? மைக்ரோமீட்டரில் வைத்து அளந்தார். ஒன்றே முக்கால் பங்கு தடிமன், கோமதி போட்டிருப்பதைப்போல. "என் பசங்க ஒருத்தன் ஷாஃப்டுல இவ்வளவு வித்தியாசம் விட்டான்னா வெளியில நிப்பாட்டிருவேன்" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

தண்டை மட்டும் மெலிதாக மாற்றிவிடலாம் என்று மறுநாள் ஆசாரியிடம் கொண்டுபோனார். ஆசாரி கையில் வைத்து நிறுத்துப் பார்த்துவிட்டு, "செஞ்சுதாரேன் அண்ணாச்சி, எனக்கென்ன? ஆனா எட்டுக்கல் பாரத்தை அந்த நூலு மாதிரித் தண்டு தாங்காது. புண்ணான மூக்குல அது கத்தி மாதிரி இறங்கும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆகவே சுருக்கு வழி ஒன்றும் இல்லை. இந்தக் கல்யாணத்தில் கோமதி பேசரி போட முடியாது. எட்டு மில்லிமீட்டர் தண்டில், அதன் முனையில் எள்ளு மாதிரி இருக்கிற சின்னக் கல்லோடுதான் அவள் மணையில் உட்காருவாள். போட்டோவில் தெரியாது என்று போட்டோகிராபர் சொன்னார். தெரிய வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

சிவகிரிக்கு நானே போன் செய்தேன். டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"ஏட்டி, என் கையால எத்தனை பிள்ளைகளுக்குப் போட்டிருக்கேன். ஒருத்தி மூக்காவது உதிர்ந்து விழுந்திருக்கா?" என்றாள் அத்தை.

"விழலை மதினி. என் மூக்கை ஒருதடவை நல்லாப் பாருங்க."

"உன் மூக்குக்கு என்ன கொள்ளை? எடுப்பாத்தான இருக்கு."

"கட்டி கண்ணுக்குத் தெரியலையா?"

"அது திருஷ்டிக்கு இருக்கட்டும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். ஆனால் இறங்கிவரவில்லை. "நீ சொல்லி நான் கேக்க மாட்டேன். என் தம்பி சொன்னாலும் கேக்க மாட்டேன். என் மருமவன் என் முகத்துக்கு நேரா வந்து வேண்டாம்னு சொல்லட்டும். அப்போ நான் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்துக்கிடுதேன்" என்றாள். நீ அப்படிச் சொல்ல மாட்டாய் என்று அவளுக்கு நிச்சயம்.

அவள் அப்படி நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது. நான் பி.எட். படிக்கப் போனபோது உன்னை வைத்து வளர்த்தவள் அவள். உனக்கு மஞ்சள்காமாலை வந்தபோது இருபது நாள் உப்பில்லாமல் உன்னோடு சேர்ந்து தானும் சாப்பிட்டவள். அவளைக் கெட்டவள் என்று நீ ஒருபோதும் நினைக்காதே, நானும் நினைக்கவில்லை. அவள் மூக்கில் போட்டதும் இதே பேசரிதான், இதே எண்ணெய்தான். நான் ஈர்க்கு வைக்கச் சொன்ன அன்றைக்கு அவளுக்கும் எனக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. பிரியமானவர்களிடம் "வேண்டாம்" என்று சொல்வதுதான் இருப்பதிலேயே கடினமான வேலை. உன் அப்பாவால் அது முடியவில்லை. அவர் கெட்டவர் என்பதால் இல்லை, அக்காமேல் பிரியம் வைத்தவர் என்பதால்தான். ஆனால் அந்தப் பிரியத்தின் பாரம் முழுவதும் என் மூக்கில் வந்து இறங்கியது.

நான் பேசரியை ஒளித்துவைக்கலாம். தொலைந்துவிட்டது என்று சொல்லலாம். உன் அப்பாவே அந்த யோசனையைச் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன். டப்பா மண்டபத்துக்கு வரும், அத்தை கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கும். உன் பெண்டாட்டியின் உடம்பில் எது ஏறலாம், எது ஏறக் கூடாது என்பதைக் கோமதியே சொல்வாள். அவள் சொன்னதற்கு ஆதரவாக நீ வாய் திறப்பாய். இதை உனக்குப் பதிலாக நான் செய்துவிட்டால், அடுத்த காரியத்துக்கும் நீ என் முகத்தைப் பார்ப்பாய். அத்தையிடம் எப்படிப் பேசுவது என்று உனக்கு நான் வசனம் எழுதித்தரப் போவதில்லை. உனக்கு அவளைத் தெரியும். கெஞ்சினால் இளகுவாள், விறைத்தால் விறைப்பாள். சட்டம் பேசாதே. டாக்டர் சீட்டைக் காட்டாதே, அதைக் கிழித்துப் போடுவாள். அந்த மூக்கு எப்படி இருந்தது என்று மட்டும் சொல். அத்தை கண்கலங்குகிற ஆள்தான்.

இதை நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே கோமதி மூக்கைக் காட்ட டாக்டரம்மாவிடம் வந்துவிட்டு நம் வீட்டுக்கும் வந்தாள். வீக்கம் நன்றாக வற்றியிருக்கிறது. மூக்கில் ஓட்டை நிற்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். அவளைப் பற்றி எழுதுவதை அவளுக்குத் தெரியாமல் அனுப்ப மனமில்லாமல் தாள்களை அவளிடமே கொடுத்தேன். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து முழுக்கப் படித்தாள். "சீழ்னு எழுதியிருக்கீங்களே, கல்யாண மாப்பிள்ளை படிக்கதுக்கா?" என்று சிரித்தாள். பிறகு கடைசிப் பக்கத்தை இன்னொரு தடவை படித்துவிட்டு, "அவங்க அன்னைக்குப் பேசாம நின்னாங்கன்னா என்ன செய்யணும்னு எழுதலையே அத்தே" என்று உன்னைப் பற்றிக் கேட்டாள்.

"நீ என்ன செய்வே?" என்றேன்.

"எந்திரிச்சிருவேன்."

"மணையை விட்டா?"

"ஆமா. ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கிடுவேன். அவங்க வந்து அவங்க வாயால சொன்னாத்தான் திரும்ப வந்து உக்காருவேன்."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். அவள் செய்வாள். அவள் எழுந்தால் நானும் கூடவே எழுந்து அந்த ரூமுக்குப் போய்விடுவேன் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். உன் அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். அவர், "அப்போ நான் மட்டும் மேடையில நின்னு என்ன செய்யப்போறேன்?" என்றார்.

ஆனால் அவ்வளவு தூரம் போகாது என்றுதான் நான் நம்புகிறேன். உன்னை எனக்குத் தெரியும். முகூர்த்த நேரத்தில், நாயனச் சத்தத்துக்கு நடுவில், நூறு பேர் பார்க்கச் சொன்னால் அத்தைக்கு அது அவமானம். அதற்கு முன்பே, அவள் வீட்டில், அவள் கையால் சாப்பிட்டுவிட்டுச் சொன்னால் அது பிள்ளை சொன்னதாக இருக்கும். டிக்கெட் தென்காசி வரைக்கும் எடுத்திருப்பாய். பரவாயில்லை, ராஜபாளையத்திலேயே இறங்கிவிடு. ஸ்டேஷனிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு வந்தால் சிவகிரிக்கு அடிக்கடி பஸ் உண்டு. முதலில் அங்கே போ. பேசி முடித்துவிட்டு வீட்டுக்கு வா. எத்தனை மணியானாலும் உனக்காகச் சாப்பிடாமல் இருப்போம்.

அம்மா